அறிந்த இயக்கமும் அடியில் ஓடும் இயக்கமும்: இதயத்தசையின் அசைவைப் பின்தொடரும் மென்பொருள்களைச் சோதிக்கும் செயற்கை எக்கோ படங்கள் பற்றிய ஒரு மறுவாசிப்பு

எக்கோ படத்தில் இதயத்தசையின் அசைவைப் பின்தொடரும் மென்பொருள்களைச் சோதிக்க, கணினி உருவாக்கிய செயற்கைப் படங்களே மிக நம்பகமான அளவுகோல் என்னும் கருத்து இத்துறையில் ஏறக்குறைய எதிர்ப்பின்றி நிலைபெற்றுவிட்டது. உயிருள்ளவரின் இதயச்சுவரில் ஒரு புள்ளி எத்தனை மில்லிமீட்டர் நகர்ந்தது என்பதை வெளியிலிருந்து ஐயமற அறிய வழியில்லை. செயற்கைப் படத்திலோ அந்த நகர்வை விதித்தவரே ஆய்வாளர் என்பதால், மென்பொருள் தரும் விடையை விதித்த விடையோடு ஒப்பிட்டால் பிழை வெளிப்பட்டுவிடும் என்பதே அக்கருத்தின் அடிப்படை. நகர்வு விதிக்கப்பட்டது என்பது உண்மைதான். ஆனால் படத்தில் இருக்கும் நகர்வு அது ஒன்று மட்டுமே என்பது ஐயத்துக்குரியது. உண்மையான நோயாளியின் எக்கோ பதிவிலிருந்து தோற்றத்தைக் கடன் வாங்கி உருவாக்கப்படும் படங்களில், கடன் கொடுத்த இதயத்தின் சொந்த இயக்கமும் ஏதோ ஓர் அளவில் தங்கிவிட இடமுண்டு என்பதும், அந்த அளவை அறியாமல் கூறப்படும் பிழைக்கணக்கு மென்பொருளை மட்டுமே மதிப்பிடுவதாகக் கொள்ள முடியாது என்பதும் இக்கட்டுரையின் வாதங்கள்.

மீயொலி அலை இதயத்தசைக்குள் செல்லும்போது, அலைநீளத்தைவிடச் சிறிய எண்ணற்ற நுண்ணமைப்புகளில் பட்டுச் சிதறுகிறது. சிதறி மீளும் அலைகள் ஒன்றையொன்று வலுப்படுத்தியும் அழித்தும் குறுக்கிடுவதால், படத்தில் பொடிப்பொடியான வெண்மை, சாம்பல் புள்ளிகள் தோன்றுகின்றன. ஸ்பெக்கிள் எனப்படும் இப்புள்ளிக்கோலம் தசையின் நுண்ணமைப்பை நேரடியாகக் காட்டுவதன்று என்றாலும், தசை சிறிதளவு நகரும்போது அதனுடன் சேர்ந்தே நகர்வதால், அடுத்தடுத்த சட்டகங்களில் அதே கோலத்தைத் தேடிக் கண்டுபிடித்துத் தசையின் நகர்வைக் கணக்கிட முடிகிறது. இடது கீழறையின் சுவர் சுருங்கும்போது அதன் நீளம் எத்தனை விழுக்காடு குறைகிறது என்று இந்நகர்வுகளிலிருந்து பெறப்படும் அளவே ஒட்டுமொத்த நீள்திரிபு. நலமான இதயத்தில் இது ஏறத்தாழ 20 விழுக்காடு. மருத்துவ அறிக்கைகளில் கழித்தல் குறியுடன் எழுதப்படும் இவ்வெண் இங்கே எளிமை கருதிக் குறியின்றித் தரப்படுகிறது.

இந்த எண்ணின் மேல் ஏற்றப்பட்டிருக்கும் பொறுப்பு சிறியதன்று. புற்றுநோய் மருந்துகளால் இதயம் பாதிக்கப்படுகிறதா என்பதைக் கண்காணிப்பது குறித்து அமெரிக்க, ஐரோப்பிய எக்கோ மருத்துவ அமைப்புகள் 2014-இல் வெளியிட்ட வல்லுநர் இணக்கக் கருத்து, தொடக்க அளவிலிருந்து நீள்திரிபு 15 விழுக்காட்டுக்கு மேல் குறைந்தால் அதைப் பாதிப்பாகக் கருத இடமுண்டு என்கிறது. அதாவது 20-இல் தொடங்கியவருக்கு 17-க்குக் கீழே இறங்குவது எச்சரிக்கை. ஆனால் 2015-இல் வெளியான ஒப்பீட்டு ஆய்வொன்றில், 62 பேரின் இதயங்களை 9 நிறுவனங்களின் கருவிகளாலும் மென்பொருள்களாலும் அளந்தபோது, நிறுவனங்களுக்கிடையே சராசரி வேறுபாடு 3.7 அலகு வரை சென்றது. எச்சரிக்கைக்குரிய 3 அலகைவிட இது பெரிது. வாணியம்பாடி, ஆம்பூர் போன்ற தோல் தொழில் ஊர் ஒன்றைச் சேர்ந்த நோயாளி ஒருவர், முதல் எக்கோவை உள்ளூர் ஸ்கேன் மையத்தில் எடுத்து, சிகிச்சைக்காக ரயிலேறிக் காட்பாடியில் இறங்கி வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் இரண்டாவது எக்கோ எடுத்து, தொடர் பரிசோதனைக்கு மறுபடியும் ஊரிலேயே மூன்றாவது கருவியின் முன் படுக்க நேரலாம். அவருடைய கோப்பில் 20, 16, 19 என்று மூன்று எண்கள் இருந்தால், இறங்கி ஏறியது இதயமா கருவியா என்பதைச் சொல்ல, ஒவ்வொரு கருவியின் பிழையும் தனித்தனியே தெரிந்திருக்க வேண்டும். செயற்கைப் படங்களின் தேவை இங்கேதான் எழுகிறது. அத்தேவையை இக்கட்டுரை மறுக்கவில்லை.

தொடக்ககாலச் செயற்கைப் படங்கள் முழுவதும் கணிதத்தால் ஆனவை. எம்.ஆர்.ஐ. படத்தில் இதயத்தசையின் மேல் காந்தக் கோடுகளைப் பதித்து அவை வளைவதைக் கொண்டு அசைவை அளக்கும் முறைக்காக 1996-இல் முன்வைக்கப்பட்ட உருவகப்படுத்தல், 13 அளபுருக்களால் கீழறையின் அசைவை விவரிக்கும் ஒரு மாதிரியை அடிப்படையாகக் கொண்டிருந்தது. மீயொலிக்கு டென்மார்க்கில் உருவான ஃபீல்டு 2 நிரல், ஆய்வாளர் விரும்பியவாறு சிதறு புள்ளிகளைத் தூவி, அவற்றிலிருந்து மீளும் எதிரொலியைக் கணக்கிட்டது. இவ்வகைப் படங்களில் நிழல் இல்லை, நுரையீரல் மறைப்பு இல்லை, விலா எலும்பில்லை. பார்த்த மாத்திரத்தில் போலி என்று தெரிந்துவிடும். இவற்றில் பெற்ற வெற்றி மருத்துவமனைக்குப் பொருந்தாது என்ற குறை நியாயமானது. அக்குறையைப் போக்கவே பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஆய்வுக்குழு 2015-இல் முப்பரிமாணப் படங்களுக்கும், 2018-இல் இருபரிமாணப் படங்களுக்கும் புதிய உருவாக்க முறையை வெளியிட்டது. முதலாவதில் 8 படத்தொடர்கள் உள்ளன. இரண்டாவதில் 7 நிறுவனக் கருவிகள், 3 நுனிப்பார்வைகள், 5 இயக்க வகைகள் எனப் பெருக்கி 105 தொடர்கள் அமைந்தன. இயக்க வகைகளுள் ஒன்று நலமான இதயம், ஏனைய நான்கும் இதயத் தமனி அடைப்பால் தசையின் வெவ்வேறு பகுதிகள் செயலிழந்த நிலைகள். இரு தொகுப்புகளும் எவரும் எடுத்துப் பயன்படுத்தத் திறந்துவிடப்பட்டவை. பிற்கால ஒப்பீடுகளுக்கு இவையே பொது மைதானமாகிவிட்டன. அவ்வகையில் இத்துறை இக்குழுவுக்குப் பெரிதும் கடன்பட்டிருக்கிறது.

சர்ச்சைக்குரிய இடம் இந்த முறையின் நடுப்பகுதி. இதயத்தின் மின்தூண்டலையும் தசைச் சுருக்கத்தையும் சேர்த்துக் கணக்கிடும் மின்–இயந்திர மாதிரி ஒன்று இயக்கத்தைத் தருகிறது. உண்மையான நோயாளிப் பதிவு ஒன்று, இங்கே மூலப்பதிவு என்று சொல்லப்படுவது, தோற்றத்தைத் தருகிறது. மாதிரியின் இதயத்தை மூலப்பதிவின் இதயத்தோடு இடத்தாலும் காலத்தாலும் பொருத்தி, சிதறு புள்ளி ஒவ்வொன்றும் எவ்வளவு பிரகாசமாக எதிரொலிக்க வேண்டும் என்பதை மூலப்பதிவிலிருந்து எடுத்துக்கொண்டு, பின்பு அப்புள்ளிகளை மாதிரி சொல்லும் வழியில் நகர்த்தி, மீயொலிக் கணக்கின் மூலம் மறுபடியும் படமாக்குகிறார்கள். நகர்வு ஓரிடத்திலிருந்தும் பிரகாசம் மற்றோரிடத்திலிருந்தும் வருவதால், விதித்த இயக்கம் முழுவதும் மாதிரியின் கட்டுப்பாட்டில் இருக்கிறது என்று பொதுவாக வாசிக்கப்படுகிறது.

பிரகாசத்தை மூலப்பதிவிலிருந்து எடுப்பதற்கு எந்த ஆய்வாளருக்கும் அடிப்படையில் இரண்டு வழிகளே உள்ளன. முதலாவது, தொடக்கச் சட்டகத்தில் ஒருமுறை எடுத்த பிரகாசத்தைத் தசைப்புள்ளியோடு நிலையாகக் கட்டிவிடுவது. இவ்வாறு செய்தால் விதித்த இயக்கத்தைத் தவிர வேறெதுவும் தசைக்குள் நுழையாது. ஆனால் எக்கோ படத்தில் காணும் மங்கல் எல்லாம் தசையின் இயல்பன்று. நான்கறைப் பார்வையில் பக்கச்சுவர் மங்கித் தெரிவதற்குப் பெரும்பாலும் நுரையீரலோ விலா எலும்போ மீயொலிக் கதிரை மறைப்பது காரணம். அந்நிழல் கதிரின் திசையில் நிலைத்து நிற்க, தசை அதற்குள் புகுந்தும் வெளியேறியும் நகர்கிறது. அதுபோலவே, தசை நார்கள் கதிருக்குக் குறுக்கே இருக்கும்போது ஓங்கியும் கதிரின் போக்கிலேயே இருக்கும்போது தாழ்ந்தும் எதிரொலிப்பதால், சுவர் திரும்பும்போது பிரகாசம் மாறுகிறது. பிரகாசத்தைத் தசையோடு கட்டிவிட்டால் நிழலும் தசையோடு நடக்கத் தொடங்கும். மருத்துவமனையில் மென்பொருளைத் தடுமாறவைக்கும் அதே நிழல், செயற்கைப் படத்தில் அதற்கு வழிகாட்டும் அடையாளமாகிவிடுகிறது. இவ்வகைப் படத்தில் பக்கச்சுவரின் பிழை குறைவாக வந்தால், மென்பொருள் தசையைப் பின்தொடர்ந்ததா, தசையோடு கட்டப்பட்ட நிழலைப் பின்தொடர்ந்ததா என்று பிரித்தறிய முடியாது.

இரண்டாவது வழி, ஒவ்வொரு சட்டகத்திலும் பிரகாசத்தைப் புதிதாக எடுப்பது. நிழல் இப்போது தன் இடத்தில் நிற்கும். படம் மிக இயல்பாக, மருத்துவரே ஐயுறாத அளவுக்கு அமையும். ஆனால் மூலப்பதிவின் புள்ளிக்கோலம் அந்த நோயாளியின் இதயத்தோடு சேர்ந்து நகர்ந்த கோலம். அதைச் சட்டகத்துக்குச் சட்டகம் எடுக்கும்போது, விதித்த இயக்கத்துக்கும் உண்மையான நோயாளியின் இயக்கத்துக்கும் இடையிலுள்ள வேறுபாடு பிரகாச மாற்றங்களாகப் படத்துக்குள் வந்து சேர்கிறது. பழைய சுவரொட்டியின் மேல் புதியதை ஒட்டும்போது அடியிலுள்ள எழுத்து ஊடே தெரிவதுபோல, மாதிரியின் அசைவுக்கு அடியில் மூல இதயத்தின் அசைவு தெரியும். பொருத்தம் கச்சிதமாக அமைந்தால் கசிவு குறையும் என்பது சரியே. ஆனால் கச்சிதமான பொருத்தத்துக்கு மூலப்பதிவின் தசை ஒவ்வொரு சட்டகத்திலும் எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டும். அதற்கு அம்மூலப்பதிவிலேயே தசையின் அசைவைப் பின்தொடர்ந்தாக வேண்டும். எதைச் சோதிக்கப் படம் செய்யப்படுகிறதோ, அதையே படம் செய்வதற்குக் கருவியாக்கும் நிலை இது.

இரு வழிகளையும் ஒரு விகிதத்தில் கலப்பது நடைமுறையில் அறிவுடைய முடிவாகத் தோன்றலாம். விகிதம் எவ்வளவு என்ற கேள்வி அப்போதும் எஞ்சுகிறது. கண்ணுக்கு இயல்பாகத் தெரியும்வரை என்று முடிவு செய்தால் அது ரசனை. உண்மைப் பதிவில் புள்ளிக்கோலம் சட்டகத்துக்குச் சட்டகம் எவ்வளவு கலைகிறதோ அவ்வளவு என்று முடிவு செய்தால், அக்கலைவை அளப்பதற்கு முன் தசையின் நகர்வைக் கழித்தாக வேண்டும் என்பதால், மறுபடியும் அதே வட்டத்துக்குள் வந்து நிற்க வேண்டியிருக்கிறது. மேற்கண்ட தொகுப்புகளின் பயன் இதனால் அழிந்துவிடவில்லை. அவற்றின் பிழைக்கணக்கு ஒரு மென்பொருளைப் பற்றிய கூற்றாக மட்டுமே படிக்கப்படுவதுதான் தவறு. மென்பொருளும் கலப்பு விகிதமும் மூலப்பதிவும் சேர்ந்த ஒரு கூட்டு விளைவாகவே அது படிக்கப்பட வேண்டும்.

இவ்வாசிப்பின் விளைவு தமனி அடைப்பு நிலைகளில் தெளிவாகத் தெரிகிறது. இதயத்தின் நுனிப்பகுதி செயலிழந்ததாக மாதிரியில் விதிக்கப்பட்டிருக்க, மூலப்பதிவு நன்றாகச் சுருங்கும் நுனியைக் கொண்டது என்று வைத்துக்கொள்வோம். கசிவு சிறிதளவு இருந்தாலும் அது அசையாத பகுதிக்கு அசைவைக் கூட்டும் திசையிலேயே செயல்படும். மென்பொருள் நுனியை உள்ளதைவிட நலமாகக் காட்டும். பகுதிகளின் செயலிழப்பை மென்பொருள்கள் குறைத்து மதிப்பிடுவதற்கு அவற்றின் உள்ளமைந்த மென்மையாக்கலே, அதாவது அக்கம்பக்கப் புள்ளிகளின் நகர்வோடு ஒத்துப்போகும்படி ஒவ்வொரு புள்ளியின் நகர்வையும் திருத்தும் படிநிலையே, காரணம் என்று வழக்கமாகச் சொல்லப்படுகிறது. மென்மையாக்கலுக்கு அதில் பங்குண்டு என்பதில் ஐயமில்லை. ஆனால் படத்தின் கசிவும் அதே திசையில் அதே விளைவைத் தரக்கூடியது என்பதால், முழுப் பழியையும் மென்பொருள்மேல் சுமத்திய முடிவுகள் மறுபரிசீலனைக்கு உரியவை. மாறாக, அடைப்புள்ள நோயாளியின் பதிவையே மூலமாக எடுத்தால் கசிவு மென்பொருளுக்கு உதவி செய்து, இல்லாத திறமையைக் காட்டும். பிழை குறைந்துவிட்டது என்ற செய்தி அங்கே மேலும் ஆபத்தானது.

செயற்கைப் படத்தில் பெற்ற துல்லியம் நோயாளியிடம் அப்படியே தொடர்வதில்லை என்பதற்கு அண்மைக்கால ஆழ்கற்றல் ஆய்வு ஒன்று சான்றாகிறது. 2022-இல் வெளியான அந்த ஆய்வில், செயற்கைப் படங்களைக் கொண்டு பயிற்றப்பட்ட வலையமைப்பு, அதே வகைச் செயற்கைப் படங்களில் இதயம் விரிந்த நிலைக்கும் சுருங்கிய நிலைக்கும் இடையே சராசரியாக 1.20 மி.மீ. பிழையே கொண்டிருந்தது. 30 நோயாளிகளின் உண்மைப் பதிவுகளிலோ, கைவரைவுகளிலிருந்து பெற்ற நீள்திரிபோடு ஒப்பிட்டபோது சராசரி வேறுபாடு 2.5 அலகாகவும், ஒட்டுறவு 0.77 ஆகவும் இருந்தன. கைவரைவும் பிழையற்றதன்று, மில்லிமீட்டரையும் விழுக்காட்டையும் நேருக்குநேர் ஒப்பிடவும் இயலாது. இவ்விரு எச்சரிக்கைகளையும் ஏற்றுக்கொண்ட பின்னும், 20-க்கு 3 அலகு இறங்கினால் எச்சரிக்கை என்ற மருத்துவ வரம்போடு 2.5 என்ற எண்ணை அருகருகே வைத்துப் பார்க்காமல் இருக்க முடியாது. படமும் பயிற்சியும் ஒரே பட்டறையிலிருந்து வரும்போது கசிவும் பாடமாகக் கற்கப்படும் என்பதே இங்கு எழும் கவலை.

உருவாக்கும் வலையமைப்புகள் தாமாகவே எக்கோ படத்தை வரையும் நிலை வந்துவிட்டதால் மூலப்பதிவுச் சிக்கல் பழங்கதை என்ற மறுப்பை நீளமாக ஆராயத் தேவையில்லை; ஆயிரக்கணக்கான மூலப்பதிவுகளின் அசைவுப் பழக்கம் அவ்வலையமைப்புக்குள் சேர்ந்திருக்கிறது, எந்தப் பதிவிலிருந்து எது வந்தது என்பது மட்டும் மறைந்துபோயிருக்கிறது. 2011-ஆம் ஆண்டின் பொதுச் சவாலில் செய்ததுபோல, நலமான 15 பேரின் காந்தக்கோட்டு எம்.ஆர்.ஐ. படங்களில் வல்லுநர்கள் கையால் பின்தொடர்ந்த அடையாளப் புள்ளிகளையே நம்பலாம் என்ற மாற்றுவழி மதிப்புக்குரியது. ஆனால் அப்புள்ளிகள் மிகச் சில. நலமான இதயம் நோயுற்ற இதயத்துக்குச் சான்றாகவும் முடியாது.

எந்த நோய்களின் இயக்கத்தை விதிப்பது என்ற தேர்வு இதுவரை விவாதிக்கப்படவே இல்லை என்று சொல்லத் தகும். தமனி அடைப்பை மையமாகக் கொண்ட பட்டியல் ஐரோப்பிய மருத்துவமனையின் முன்னுரிமையைக் காட்டுகிறது. வேலூர், திருப்பத்தூர், ராணிப்பேட்டை மாவட்டங்களின் எக்கோ அறைகளிலும் அடைப்பு நோய் மிகுதி. எனினும், சிறுவயதில் தொண்டைத் தொற்றைத் தொடரும் காய்ச்சலால் வால்வுகள் தழும்பேறும் ருமாட்டிக் இதய நோயை ஒதுக்கிவிட்டு இப்பகுதிக்கு ஏற்ற சோதனையை அமைக்க இயலாது. வேலூர் மருத்துவர்கள் 2003-இல் வெளியிட்ட ஆய்வு, 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமப்புறப் பள்ளிப் பிள்ளைகளைப் பரிசோதித்து, அந்நோய் ஆயிரத்துக்கு ஒருவருக்கும் குறைவாகவே இருப்பதாகவும் குறைந்து வருவதாகவும் காட்டியது. அதைக்கொண்டு இந்நோயைப் பட்டியலிலிருந்து நீக்கலாம் என்பார் உண்டு. பிள்ளைகளிடம் குறைந்த நோய் பெரியவர்களிடம் எஞ்சிய வால்வுகளாக இன்னும் பல ஆண்டுகள் இருக்கும் என்பது போதுமான மறுமொழி.

ருமாட்டிக் நோயில் மிட்ரல் வால்வு சுருங்கும்போது இதயம் அசையும் விதம் தமனி வரைபடத்துக்குள் அடங்குவதில்லை. இரு கீழறைகளும் சமமாக நிரம்பாததால் இடைச்சுவர் விரிவின் தொடக்கத்தில் வழக்கத்துக்கு மாறாக அசைகிறது; நுரையீரல் ரத்த அழுத்தம் ஏறினால் அச்சுவர் தட்டையாகிறது. இவற்றைவிடப் பெரிய சிக்கல் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்னும், மேலறைகள் ஒழுங்கிழந்து நடுங்கும் துடிப்புக் கோளாறு. ஆப்பிரிக்காவின் 12 நாடுகளோடு இந்தியாவையும் ஏமனையும் சேர்த்து 3,343 ருமாட்டிக் நோயாளிகளைப் பதிவு செய்த ஆய்வில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு இக்கோளாறு இருந்தது. அவர்களுக்கு ஒரு துடிப்பு அடுத்த துடிப்பைப் போன்றதன்று. ஒவ்வொரு சுருக்கத்தின் வலிமையும் அதற்கு முந்தைய இடைவெளியையும் அதற்கும் முந்தைய இடைவெளியையும் பொறுத்து மாறுகிறது. நொடிக்கு 60 சட்டகங்கள் எடுக்கும் கருவி, நிமிடத்துக்கு 70 துடிக்கும் இதயத்தில் ஒரு துடிப்புக்கு ஏறத்தாழ 51 சட்டகங்களைப் பெறும். 120 துடிக்கும்போது 30 மட்டுமே கிடைக்கும். ஒரே துடிப்பை ஒழுங்காகக் காட்டும் செயற்கைத் தொடரில் தேறிய மென்பொருள் இத்தகைய நோயாளியின் முன் எவ்வாறு நடந்துகொள்ளும் என்று அத்தேர்ச்சியிலிருந்து எதுவும் பெறப்படாது.

மேற்கூறிய கசிவை ஊகமாகவே விட்டுவிடத் தேவையில்லை. அதை அளக்க எளிய சோதனைகள் உள்ளன. மாதிரியின் இயக்கத்தை முற்றிலும் நிறுத்தி, மற்ற எல்லாவற்றையும் வழக்கம்போல வைத்துப் படத்தொடரை உருவாக்கினால், விதித்த திரிபு சுழியம். மென்பொருள் ஏதேனும் திரிபைக் காட்டினால், இதயச் சுழற்சியோடு சேர்ந்து ஏறி இறங்கும் அதன் பகுதி மூலப்பதிவிலிருந்து கசிந்தது. அசையாத இதயம் மென்பொருளின் தொடக்க நிபந்தனைகளையே குலைத்துவிடும் என்று எவரேனும் தயங்கினால், மாதிரியின் சுருக்கத்தை மூலப்பதிவின் சுருக்கத்திலிருந்து கால் சுழற்சி தள்ளிவைக்கலாம். விதித்த இயக்கத்தை மட்டும் பின்தொடரும் மென்பொருளின் வளைகோடு முழுவதும் தள்ளிப்போகும், கசிவு இருந்தால் பழைய நேரத்தில் ஒரு மேடு எஞ்சும். நிழற்சிக்கலுக்கு இச்சோதனைகள் பயன்படா. அதற்கு, முழுச் சுழற்சியிலும் ஒரே கதிர்த் திசையில் மங்கி நிற்கும் பகுதியை மூலப்பதிவிலிருந்து தனியே பிரித்து, பிரகாசத்தைத் தசையோடு கட்டிய பகுதி, கதிரோடு கட்டிய பகுதி என இரண்டாக வைத்து உருவகப்படுத்த வேண்டும். இவ்விரண்டின் அளவும் ஒவ்வொரு படத்தொடருடனும் வெளியிடப்பட வேண்டும். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனுக்கான தொடரில் துடிப்பு இடைவெளிகளை உண்மையான நோயாளிகளின் இ.சி.ஜி. பதிவுகளிலிருந்து பெயர் முதலிய அடையாளங்களை நீக்கி எடுத்துக்கொண்டு, முந்தைய இரண்டு இடைவெளிகளின் விகிதத்தால் சுருக்க வலிமை மாறும்படி மாதிரியை இயக்கலாம். அங்கே விதித்த நீள்திரிபு ஒற்றை எண்ணாக இருக்க முடியாது; துடிப்புக்குத் துடிப்பு மாறும் வரிசையாகவே அது தரப்பட வேண்டும், மென்பொருள் தன் சராசரியைக் கணக்கிட அவ்வரிசையின் எந்தத் துடிப்புகளைக் கைவிட்டது என்பதும் அதனருகே பதியப்பட வேண்டும்.